டைபாய்டு என்று எழுதிய வருடம்

எனக்கு டைபாய்டு வந்ததே இல்லை. ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்து ஃபைலிலும், எங்கள் சபை பாஸ்டர் எழுதிய பரிந்துரைக் கடிதத்திலும், மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு நான் போட்ட விண்ணப்பத்திலும் எனக்கு டைபாய்டுதான். வந்தது டி.பி. அந்த இரண்டு எழுத்தை எங்கள் வீட்டில் யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியவர் என் அப்பா. எழுதுவதுதான் அவர் தொழில்.

சேலத்துக்கு மேலே மலையில், மாரமங்கலம் போகிற ரோட்டில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ரைட்டர். காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுப் பதிவது, யாரை எந்தக் காட்டுக்கு அனுப்புவது என்று பார்ப்பது, மேனேஜருக்கு வரும் கடிதங்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது எல்லாம் அவர் வேலை. வேலையாட்களில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் லீவுக் கடிதமும் அவர்தான் எழுதித் தருவார். என்ன நோயாக இருந்தாலும் அதில் காய்ச்சல் என்றுதான் இருக்கும். பெரிய வியாதியின் பெயரை எழுதினால் மேனேஜர் அந்தக் குடும்பத்தையே, ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார். காய்ச்சல் என்றால் பத்து நாளில் எழுந்து வந்துவிடுவான் என்று விட்டுவிடுவார். அப்படி அப்பாவின் பேனாவால் தப்பித்த குடும்பங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் வரிசையில் உட்காருகிற மனிதர் திங்கட்கிழமை காலையில் காசநோய்க்காரனுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்து போடுவார். அதை அவர் பொய் என்றே நினைத்ததில்லை. எனக்கும் அப்போது அதில் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பத்தாம் வகுப்பில் நான் பள்ளிக்கே முதலாவதாக வந்திருந்தேன். கணக்கும் அறிவியலும் எனக்கு விளையாட்டு மாதிரி. ப்ளஸ் டூ முடித்து மெட்ராஸுக்குப் போய் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கப்போவதாகக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வாய்க்கொழுப்பு அப்படி. எங்கள் எஸ்டேட்டில் அதுவரை காலேஜ் வாசலை மிதித்த பெண் யாரும் கிடையாது.

ப்ளஸ் டூ இரண்டாம் வருடம் ஜூலை மழையில் இருமல் பிடித்தது. மலையில் மழைக்காலத்தில் இருமாதவர் யார் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் சாயங்காலம் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது இருமினேன், கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் துணி துவைக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

அப்பா என்னைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் பிடித்திருக்கிறது, கட்டாயம் குணமாகிவிடும், இரண்டு மாதம் தினமும் ஊசி, ஒரு வருடம் மாத்திரை, ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். அப்பா எவ்வளவு நாளாகும் என்று கேட்கவில்லை. எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை.

“ஏனுங்க டாக்டர், இது வெளிய தெரியாம பாத்துக்க முடியுங்களா?” என்று கேட்டார்.

டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பாவின் பயத்துக்குக் காரணம் அக்கா. அவளுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்டவள். சேலத்தில் ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. நல்ல சபைக்காரர்கள், பையன் ஆபீஸ் உத்தியோகம், எங்களைவிட ஒரு படி மேலே. தங்கைக்கு டி.பி. என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று அப்பா தீர்மானமாக நம்பினார்.

“அக்காவ நெனச்சுப் பாரு கண்ணு. அவ பேச்சு முடியற வரைக்குந்தான்,” என்றார்.

எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் அப்பாவின் சிநேகிதர். தினமும் காலையில் வீட்டுக்கே வந்து ஊசி போட ஒத்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் சர்டிபிகேட்டும் வாங்கித் தந்தார். ஒரு மாதம் டைபாய்டு, அதற்குப் பிறகு பலவீனம், ஓய்வு தேவை. லைனில் இருக்கிறவனுக்குக் காய்ச்சல் என்றால் ரைட்டர் மகளுக்கு டைபாய்டு, எங்கள் அந்தஸ்துக்குத் தக்கபடி.

ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரைக்கும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டின் பின்னால் விறகு அடுக்குகிற அறையைக் காலி செய்து கட்டில் போட்டார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். ஊசி போடப் போட காதுக்குள் இரைச்சல் ஆரம்பித்தது. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. மாத்திரை குடலைப் புரட்டியது. புத்தகத்தை எடுத்தால் அம்மா வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். “படிக்காத சாமி, நெஞ்சு நோவும்,” என்பாள். படித்தால் நெஞ்சு நோகும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதை அவளே கண்டுபிடித்தாள்.

அம்மா காட்டுக்கு மிளகு பறிக்கப் போகிற நேரத்தில் அக்கா என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். அவளுக்கு ஒரு வரிகூடப் புரியாது. ‘படம் ஐந்தைப் பார்க்கவும்’ என்று இருந்தால் அதையும் படிப்பாள். பார்க்க எனக்குப் படம் ஏது? கணக்குப் புத்தகத்தில் அவளுக்குத் தெரியாத குறி வந்தால் “இங்க ஒரு கொக்கி போட்டிருக்குது,” என்பாள். நான் சிரிக்க ஆரம்பித்தால் இருமலில் போய் முடியும். அந்த ஆறு மாதத்தில் நான் கற்றது அவ்வளவுதான். ஆனால் அவள்மேல் எனக்கு அந்தச் சமயத்தில் உண்டான பாசம் அதற்கு முன்னால் கிடையாது. சின்ன வயதில் நாங்கள் எலியும் பூனையுமாக இருந்தவர்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அப்பாவும் அம்மாவும் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார்கள். மகளை டைபாய்டிலிருந்து விடுவித்ததற்காக நன்றி சொல்கிறது ஒரு குடும்பம் என்று பாஸ்டர் அறிவித்தார். ஆண்டவரிடமும் நாங்கள் டைபாய்டு என்றுதான் சொன்னோம். பக்கத்தில் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் பரீட்சை எழுதினேன். எழுதினேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கண்காணிப்பாளர் சொல்வது காதில் விழவில்லை. வேதியியல் பரீட்சையன்று பாதியில் எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். இயற்பியல் கேள்வித்தாளைப் பார்த்தபோது, எல்லாம் எனக்குத் தெரியும் என்று தோன்றியது, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பாஸ் பண்ணினேன். முதல் வகுப்பு இல்லை. பள்ளிப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயரை மேலிருந்து தேடிக்கொண்டே வந்தேன். பாதிக்குக் கீழே வந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். பின்னால் நின்றிருந்த பெண் தன் பெயரைக் கண்டுபிடித்து, எனக்காகச் சத்தம் போடாமல் சந்தோஷப்பட்டாள்.

சபையில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆண்டவர் வேறு வழி வைத்திருப்பார் என்றார்கள். என்ன வழி என்று ஒருவரும் சொல்லவில்லை. சேலத்தில் இருந்த கல்லூரியில் அந்த மார்க்குக்கு வரலாறு கிடைக்கும் என்றார்கள். தினமும் இருபது வளைவு இறங்கி ஏற உன் உடம்பு தாங்காது என்று அப்பா அதையும் வேண்டாம் என்றுவிட்டார். கோயம்புத்தூருக்கு விவசாயப் படிப்புக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. மிச்சம் இருந்தது மெட்ராஸ் கல்லூரி ஒன்றுதான். அது கிறிஸ்தவக் கல்லூரி. சபைப் பரிந்துரையோடு வருகிறவர்களை நேரில் கூப்பிட்டுப் பேசித் தேர்ந்தெடுப்பார்கள், மார்க் மட்டும் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். அது கிடைக்காவிட்டால் ஒண்டிக்கடைப் பக்கம் டைப்ரைட்டிங் பழகிவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில், உடல்நலக் குறைவால் படிப்பு தடைப்பட்டிருந்தால் விவரமாக எழுதி மருத்துவச் சான்றிதழ் இணைக்கவும் என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எனக்காகவே அச்சடித்த மாதிரி இருந்தது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். டைபாய்டு என்று எழுதினார்.

“அப்பா, இதுக்காவது உண்மைய எழுதலாமுங்க. மெட்ராஸ்காரங்களுக்கு நம்மள யாருன்னே தெரியாதுங்க,” என்றேன்.

“பரிந்துரைக்கு இது பாஸ்டர் ஐயா கைக்குப் போகுது சாமி. அவரு பார்த்தா சபை பார்த்த மாதிரி. அடுத்த வாரம் அக்காளுக்கு மொத ஓலை வாசிக்கறாங்க. இப்பப் போயி எழுதச் சொல்றயா?” என்றார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துவார். அந்த ஒரு நொடிக்குத்தான் அப்பா ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தார். நான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம் மெட்ராஸுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. கிளம்புகிற அன்று காலையில் அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்து ரிப்பன் கட்டும்போது, “அங்க கேட்டாங்கன்னா சொல்லிப்போடு கண்ணு. என்னையப் பாக்காத,” என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன். என்னைக் காட்டிக்கொடுக்காதே என்று அவள் அழுதிருந்தால் எரிச்சலிலாவது சொல்லியிருப்பேன். இப்படிச் சொல்லிவிட்ட ஒருத்தியின் கல்யாணத்தை எப்படிக் கெடுப்பது?

கல்லூரியில் வராந்தா பெஞ்சில் அப்பா உட்கார்ந்துகொண்டார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள்தான் முதல்வர். வெள்ளைக் கைத்தறிப் புடவை, காதில் கம்மல்கூட இல்லை. என் இரண்டு மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பத்தாவதுல இவ்வளவு நல்லா பண்ணியிருக்கே. பன்னெண்டாவதுல என்னம்மா ஆச்சு?”

“டைபாய்டுங்க மேடம்.”

அடுத்து எங்கள் பள்ளி கொடுத்த சான்றிதழை எடுத்தார். எங்கள் தலைமையாசிரியை யாருக்காகவும் ஒரு எழுத்தை மாற்றி எழுதாதவர். நான் எத்தனை நாள் வரவில்லை என்பதை நாள் விடாமல் எழுதியிருந்தார்.

“டைபாய்டுக்கு ஆறு மாசமா?”

அவர் சான்றிதழைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இங்க பாரும்மா. போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா. டி.பி. வந்து ஒரு வருஷம் படுத்திருந்தவ. மார்க் ஒண்ணுமே இல்ல. பழைய மார்க்கைப் பாத்து எடுத்துக்கிட்டோம். இப்ப அவதான் வகுப்புல முதல். இங்க யாரும் அதையெல்லாம் தப்பா நினைக்க மாட்டோம். ஹாஸ்டல்லயும் யாருக்கும் தெரியாது. உனக்கு வேற ஏதாவது சொல்லணுமா?”

அவருக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்திலேயே எழுதியிருந்திருக்க வேண்டும், அல்லது என் மெலிந்த கழுத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வா என்று கையையும் பிடிக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் அப்பாவின் முதுகு தெரிந்தது. சட்டையின் முதுகுப்பக்கம் வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. மலைக்காரருக்கு மெட்ராஸ் வெயில் ஆகவில்லை. சொன்னால் என் சர்டிபிகேட் பொய் என்றாகும். பாஸ்டர் கடிதம் பொய் என்றாகும். கல்லூரி பாஸ்டருக்கு எழுதிக் கேட்கும். மூன்றாம் ஓலைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

“இல்லைங்க மேடம். டைபாய்டுதானுங்க. எனக்கு நொம்ப நாள் சரியாகலை,” என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா எழுந்து நின்று என்ன கேட்டார்கள் என்றார். பாடத்தில்தான் கேட்டார்கள் என்றேன். நன்றாகச் சொன்னாயா என்றார். சொன்னேன் என்றேன்.

மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். பாஸ்டர் நிறுத்திய அந்த ஒரு நொடியில் யாரோ ஒரு குழந்தை அழுதது, அவ்வளவுதான். அதற்கடுத்த வாரம் கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. இடம் அளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி. தபால்காரர் அதை வழியிலேயே படித்துவிட்டிருந்தார் போல, கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா அந்தக் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்ததால் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அழுததுகூட அக்கா போகிறாள் என்பதற்காகத்தான் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் வெற்றிலைத் தட்டு வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

“கை எலும்பா இருக்குதே கண்ணு. நெஞ்சு இப்பத் தேவலையா? மாத்திரை முடிஞ்சுதா?”

“எந்த மாத்திரைங்க?” என்றேன்.

“டி.பி. மாத்திரைதான். பயந்துக்காத சாமி. என் தம்பிக்கும் இதே சீக்குதான் வந்துச்சு, இப்ப மூணு புள்ளைக்கு அப்பன். உனக்கு ஊசி போட்ட கம்பவுண்டர் ஊட்டம்மா எனக்குச் சின்னம்மா மக ஆகணும். அவங்க அப்பவே சொல்லிட்டாங்க. உங்கப்பாவுக்குத்தான் சொல்ல வெட்கமா இருந்துச்சாட்ட இருக்குது, அதுனால நாங்களும் கேட்டுக்கல. கேட்டா மனசு நோவுமில்ல?”

அவர் நல்ல மனசோடு சொன்னார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவருக்குப் பின்னால் அப்பா தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டிருந்தார். சம்பந்தியம்மாள் திரும்பியதும் செம்பை நீட்டி, “தண்ணி எடுத்துக்குங்க,” என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அக்காவைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை அப்பா எஸ்டேட்டுக்குக் கிளம்பாமல் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. சவரம் செய்யவில்லை.

“அந்த மெட்ராஸ் மேடம், சீக்கைப் பத்தி வேற எதும் கேட்டாங்களா கண்ணு?” என்றார்.

“இல்லைங்கப்பா.”

“நெசத்தை எழுதியிருந்தா குடுத்திருப்பாங்களோ?”

அவர் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. எத்தனையோ பேரை லைன் வீட்டில் காப்பாற்றிய கை. அவரிடம் எனக்கு அன்றைக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே ஒரு வாக்கியத்தில் அவரை மிச்ச ஆயுளுக்கும் படுக்க வைத்திருக்க முடியும். அது என் நாக்கு நுனியில் இருந்தது.

“எப்படி எழுதியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்கப்பா. மார்க்குதான் பத்தலை. அதைத்தான் சொன்னாங்க,” என்றேன்.

“அப்படியா சாமி,” என்றார். பிறகு போய்ச் சவரம் செய்துகொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதற்கப்புறம் இருபது வருடம் உயிரோடு இருந்தார். என்னைப் பற்றி யார் கேட்டாலும், சின்னவளுக்கு மார்க் பத்தவில்லை என்று சொல்வார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.